ஒழுங்கைக்குள் ஒரு ஜீப்

போன தை மாதம் எங்கள் ஒழுங்கையில் ஒரு மதில் மூலை இடிபட்டது. பண்டத்தரிப்புச் சந்தியிலிருந்து நடந்து போகிற தூரம். இரண்டு பக்கமும் மதில், நடுவில் பத்தடி அகலத்தில் ஒழுங்கை, பாதி வழியில் ஒரு முடக்கு. அந்த முடக்கில் திரும்ப முடியாமல் புது ஜீப் ஒன்று அரை மணித்தியாலம் முன்னும் பின்னும் போய்வந்தது. இறங்கிப் பார்த்த சாரதி கண்ணாடியை மடக்கினார், பிறகும் முடியவில்லை. அடுத்த நாள் மேசன் வந்து மூலையை இரண்டடி உள்ளே எடுத்துக் கட்டினார். அதோடு ஜீப் வாங்கிய வீட்டுக் கேற்றையும் அகலமாக்க வேண்டி வந்தது. கேற்றோரம் நின்ற பழைய வேம்பும் போயிற்று.

அதே கிழமை கனடாவிலிருந்து அத்தான் கதைத்தார். "மச்சான், அம்மா ஆக்களுக்கு ஒரு ஜீப் எடுத்து விடுவம். நாங்கள் வந்தாலும் ஓடலாம். என்ன ஏதெண்டு விசாரிச்சுச் சொல்லு." அவர் கேட்டதற்காக விசாரிக்கத் தொடங்கினேன். விசாரிக்க விசாரிக்க, இது எங்கள் வீட்டுக் கேள்வி மட்டும் இல்லை என்று தெரிந்தது. சில்லாலை, வடலியடைப்பு, பனிப்புலம், மாதகல், இளவாலை என்று சுற்றுவட்டாரம் முழுக்க இப்போது பேசப்படுகிற கேள்வி இது: இந்த உயரமான வாகனத்துக்கு இவ்வளவு காசு கொடுப்பது தகுமா?

எங்கள் ஊரில் எஸ்யூவி என்று எவரும் சொல்வதில்லை. வெசல் என்றாலும் ரேய்ஸ் என்றாலும் பிராடோ என்றாலும் எல்லாம் ஜீப்தான். ஜீப் என்ற பெயர் இரண்டாம் உலகப் போரில் வந்தது. 1941 முதல் அமெரிக்கப் படைக்காக வில்லிஸ் நிறுவனம் செய்த வண்டி அது. மேடு பள்ளம், சேறு, மணல் எல்லாவற்றிலும் நான்கு சில்லும் இழுக்கவேண்டும் என்பதற்காகச் செய்யப்பட்டது. குடும்பங்கள் ஓடும் வண்டியாக அது மாறியதற்கு அமெரிக்காவின் ஒரு சட்டமும் காரணம். எண்ணெய்த் தட்டுப்பாட்டுக்குப் பிறகு 1975இல் கார்களுக்கு எரிபொருள் சிக்கன அளவு விதித்தார்கள். சிறு லொறி வகைக்கு அந்த அளவு தளர்வாக இருந்தது. குடும்ப வாகனத்தை லொறி வகைக்குள் அடக்கினால் பெரிய எஞ்சினையும் விற்கலாம், இலாபமும் கூட. 1984ஆம் ஆண்டு மாடலாக வந்த ஜீப் செரோக்கி, 1990இல் வந்த போர்ட் எக்ஸ்ப்ளோரர் என்று அந்த வழி அகன்றது. சர்வதேச எரிசக்தி முகமையின் கணக்கில் 2023ஆம் ஆண்டு உலகில் விற்ற கார்களில் 48 சதவீதம் எஸ்யூவி. நடுத்தரக் காரைவிட இவை 200 முதல் 300 கிலோ கூடுதல் எடை. புகையும் ஏறத்தாழ 20 சதவீதம் கூட.

இந்தியாவில் 2017இல் ஜிஎஸ்டி வந்தபோது எது எஸ்யூவி என்று வரி அதிகாரிகள் அளவு வகுத்தார்கள். எஞ்சின் 1500 சீசீக்கு மேல், நீளம் நான்கு மீற்றருக்கு மேல், நிலத்திலிருந்து உயரம் 170 மில்லிமீற்றர் அல்லது அதற்கு மேல். இந்த அளவுகோலை எங்கள் வீதியில் வைத்துப் பாருங்கள். ரேய்ஸின் நீளம் 3,995 மில்லிமீற்றர், அதன் டர்போ எஞ்சின் 996 சீசீ. உயரம் ஒன்றைத் தவிர வேறெதிலும் அது தேறாது. நான்கு சில்லும் இழுப்பவையும் இவற்றில் மிகக் குறைவு. இங்கே ஓடுகிற சிறு ஜீப்களில் பெரும்பாலானவை முன் இரண்டு சில்லில் ஓடும் கார்கள்தான். உடம்பை மட்டும் உயர்த்திக் கட்டியிருக்கிறார்கள். ஜீப்புக்கென்று கூடுதலாகக் கொடுக்கும் காசில் பெரும் பங்கு அந்தத் தோற்றத்துக்குப் போகிறது என்பதை முதலில் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

எங்கள் பகுதிக்கு வாகனம் பற்றி ஒரு தனி நினைவு உண்டு. மொறிஸ் மைனர், ஒஸ்ரின் கேம்பிறிட்ஜ், ஏ போட்டி ஆகியவை தெற்கில் எல்லாம் கழிக்கப்பட்ட பிறகும் யாழ்ப்பாணத்தில் வாடகைக்கு ஓடின. 1990இல் பொருளாதாரத் தடை இறுகிப் பெற்றோல் இல்லாமல் போனபோது அந்தக் கிழட்டு எஞ்சின்கள்தான் மண்ணெண்ணெய் குடித்து எங்களைச் சுமந்தன. சில துளி பெற்றோலை ஊற்றி எஞ்சினைப் பற்றவைத்து, சூடு ஏறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். வீதி முழுக்க வெள்ளைப் புகை. அந்தப் புகையின் மணம் இன்னும் என் மூக்கில் நிற்கிறது. கல்யாணக் காரும் அதுதான், பிள்ளைப்பேற்றுக்கு ஓடியதும் அதுதான். சிக்கலில்லாத எஞ்சின், ஊர்க் கராச்சில் திருத்தக்கூடிய பாகம், கிடைத்த எண்ணெயில் ஓடும் குணம் ஆகிய மூன்றும் அன்று உயிர் காத்தன.

1995 ஒக்ரோபர் 30. போரால் இடம்பெயர்ந்து வலிகாமம் முழுவதும் எழுந்து நடந்த இரவு. நாவற்குழிப் பக்கம் பாலத்தடியில் சனம் நெரிபட்டபோது கார் வைத்திருந்தவர்களும் லாண்ட் மாஸ்ரர் உழவு இயந்திரம் வைத்திருந்தவர்களும் அங்குலம் அங்குலமாகத்தான் நகர்ந்தார்கள். எங்களிடம் இருந்தவை இரண்டு சைக்கிள்கள். ஒன்றில் அரிசியும் பாத்திரமும், மற்றதில் அம்மம்மா. தள்ளிக்கொண்டே போனோம், போய்ச் சேர்ந்தோம்.

அப்படி எல்லாவற்றையும் விட்டுவிட்டுப் போன சனத்தின் பிள்ளைகள், முப்பது வருஷம் வெளிநாட்டில் பனியில் நின்று உழைத்து, பெற்றோரின் முற்றத்தில் ஒரு ஜீப் நிற்கவேண்டும் என்று ஆசைப்படுகிறார்கள். அந்த ஆசையை நான் சிறிதாக எண்ணவில்லை. அத்தானின் குரலில் இருந்ததும் அதுதான். கூரையில்லாமல் கிடந்த வீட்டைத் திருத்தினார், மதில் கட்டினார், கிணறு இறைத்தார். இனி வாசலில் ஒரு வாகனம் நின்றால் வீடு முழுமை பெற்றுவிடும் என்று அவருக்குப் படுகிறது. ஆனால் ஆசைக்கும் ஒரு விலை இருக்கிறது. அந்த விலையை எண்ணிப் பார்ப்பதில் தப்பில்லை.

விலை ஏன் இப்படி ஏறியது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். டொலர் கையிருப்புக் குறைந்ததால் 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றது. ஐந்து வருஷம் கழித்து, 2025 பெப்ரவரி 1ஆம் திகதி தனியார் வாகனங்களுக்குக் கதவு திறந்தது. ஆனால் வரி குறையவில்லை. 2025இல் சுங்க வரிக்கு மேல் அந்த வரியின் பாதியளவு மேலதிக அறவீடு இருந்தது. எஞ்சினின் சீசீக்கு ஏற்பப் படிப்படியாக ஏறும் உற்பத்தித் தீர்வை. பெற்றோல் வாகனத்தின் இறக்குமதிப் பெறுமதி 50 இலட்சத்தைத் தாண்டினால் ஆடம்பர வரி. ஹைபிரிட்டுக்கு அந்த எல்லை 55 இலட்சம், மின்சார வாகனத்துக்கு 60 இலட்சம். எல்லாவற்றின் தலையிலும் 18 சதவீத வற் வரி. எஞ்சின் பெருக்கப் பெருக்க வரி பாய்ச்சலில் ஏறுகிறது. எனவே ஜப்பானில் ஒரு காருக்கும் ஒரு ஜீப்புக்கும் இருக்கும் விலை வித்தியாசம் கொழும்புத் துறைமுகத்துக்குள் வந்ததும் பல மடங்காகிறது. 2025இல் சின்ன ரேய்ஸே ஒரு கோடியைத் தாண்டியது. நாங்கள் கொடுக்கும் காசில் ஒரு பங்கு இரும்புக்கும் ரயருக்கும் போகிறது, இன்னொரு பெரும் பங்கு திறைசேரிக்குப் போகிறது. வரி கட்டுவது குடிமக்களின் கடன்தான். ஆனால் எந்த அளவு வரியைத் தேடிப்போய்க் கட்டுவது என்பது எங்கள் கையில் இருக்கிறது.

இனிக் கணக்குக்கு வருவோம். எங்கள் ஊரில் வாகனம் பற்றிப் பேச்செடுத்தால் முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: "லீற்றருக்கு எவ்வளவு ஓடும்?" அந்தக் கேள்வியே எங்களைத் தவறான இடத்துக்குக் கொண்டுபோகிறது என்று நான் கருதுகிறேன். இரண்டு வாகனங்களை எடுத்துக்கொள்வோம். ஒன்று 120 இலட்சம் ரூபா சிறு ஜீப். மற்றது 70 இலட்சம் ரூபா சின்னக் கார், வகன்ஆர் போன்றது. இரண்டும் வருஷத்துக்கு 10,000 கிலோமீற்றர் ஓடுகின்றன என்று வைப்போம். கார் லீற்றருக்கு 18, ஜீப் 14. கார் குடிப்பது ஏறக்குறைய 556 லீற்றர், ஜீப் குடிப்பது 714 லீற்றர். 2025இல் பெற்றோல் லீற்றர் 300 ரூபாவை அண்டி நின்றது. அந்த விலைக்கு வித்தியாசம் வருஷத்துக்குச் சுமார் 48,000 ரூபா, மாதம் 4,000. இதைப் பார்த்துவிட்டு "இவ்வளவுதானே" என்று பலர் கையெழுத்துப் போட்டுவிடுகிறார்கள்.

பெரிய செலவு கண்ணுக்குத் தெரியாமல் இருக்கிறது. இரண்டுக்கும் இடையிலான 50 இலட்சத்தை வங்கியில் நிரந்தர வைப்பில் போட்டு நூற்றுக்கு எட்டு வட்டி என்று கொண்டால் வருஷத்துக்கு 4 இலட்சம். காப்புறுதி வாகனத்தின் பெறுமதியைப் பார்த்துத்தான் வரும். நூற்றுக்கு ஒன்றரை என்று வைத்தாலும் ஜீப்புக்கு 180,000, காருக்கு 105,000. அதில் 75,000 வித்தியாசம். எல்லாம் சேர்த்தால் வருஷத்துக்கு 523,000 ரூபா, மாதத்துக்கு 43,000க்கு மேல். இது ஜீப்பின் முழுச் செலவு இல்லை. சின்னக் காருக்கு மேலாக, உயரத்துக்கும் தோற்றத்துக்கும் மட்டும் கொடுப்பது. ரயரை நான் இதில் சேர்க்கவில்லை. பதினேழு அங்குல ரயருக்கும் பதினாலு அங்குல ரயருக்கும் உள்ள விலை வித்தியாசத்தைச் சந்தியிலுள்ள ரயர்க் கடையிலேயே கேட்டுக்கொள்ளலாம்.

லீசிங் என்றால் நிலைமை இன்னும் கடினம். தனியார் கார், ஜீப், வான்களுக்கு எவ்வளவு பங்கு கடன் கொடுக்கலாம் என்று மத்திய வங்கி எல்லை வைத்திருக்கிறது. 2025 ஜூலையில் அது 60 சதவீதம், அதே வருஷம் நவம்பரில் 50 சதவீதமாக இறங்கியது. 120 இலட்சம் ஜீப்புக்குப் பாதி, அதாவது 60 இலட்சம், ஐந்து வருஷத்துக்கு நூற்றுக்கு 13 வட்டியில் எடுத்தால் மாதத் தவணை 136,500 ரூபா அளவில் வரும். முடிவில் கட்டியது 82 இலட்சத்துக்குக் கிட்ட. வட்டி மட்டும் 22 இலட்சம். ஒரு ஆசிரியரின் மாதச் சம்பளம் முழுவதையும் கொடுத்தாலும் அந்தத் தவணைக்குக் காணாது. மாதா மாதம் வெளிநாட்டிலிருந்து காசு வரும் என்ற நம்பிக்கையில் இங்கே இருப்பவரின் பெயரில் லீசிங் எழுதுகிறார்கள். அங்கே வேலை போனால், ஒரு வருத்தம் வந்தால், இங்கே கேற்றடியில் வந்து நிற்பது வாகனத்தைத் தூக்கிக்கொண்டு போகிற ஆட்கள். அப்படி ஒரு காலையை நான் பார்த்திருக்கிறேன். அந்தத் தாய் படலையைச் சாத்திவிட்டு மூன்று கிழமை கோயிலுக்கும் போகவில்லை.

"வாகனம் வாங்கினால் விலை கூடும், காசு போகாது" என்பது அடுத்த வாதம். இதில் கொஞ்சம் உண்மை இருந்தது. இறக்குமதி பூட்டியிருந்த ஐந்து வருஷமும் பழைய வாகனங்கள் ஏறிக்கொண்டே போயின. வெசல் வைத்திருந்தவர்கள் வாங்கிய விலை இரட்டித்துவிட்டது என்று மகிழ்ந்தார்கள். ஆனால் அதே காலத்தில் ரூபாவுக்கு என்ன நடந்தது? 2022இன் தொடக்கத்தில் டொலர் 200 ரூபா, மே மாதம் 360 அளவில். ஜீப் அந்த இடத்திலேயே நின்றது, ரூபாதான் இறங்கியது. வெளிநாட்டிலிருந்து டொலரில் காசு அனுப்பியவருக்கு இலாபம் என்று பெரிதாக எதுவும் வரவில்லை. இப்போது கதவு திறந்திருக்கிறது. 2025இல் வாகன இறக்குமதிச் செலவு நூறு கோடி டொலரைத் தாண்டியது. வந்திறங்கும் ஒவ்வொரு கப்பலும் பழைய வாகனத்தின் விலையைப் பிடித்துக் கீழே இழுக்கும். வருஷத்துக்கு நூற்றுக்குப் பத்து தேய்ந்தால் 120 இலட்சத்தில் முதல் வருஷமே 12 இலட்சம் போகும். பூட்டிய சந்தையில் கிடைத்த அனுபவத்தைத் திறந்த சந்தைக்குப் பொருத்த முடியாது.

காசுக் கணக்கு இப்படி இருக்க, தேவை என்ற கணக்கு வேறு. ஜீப் வேண்டும் என்பவர்கள் சொல்லும் காரணங்களை ஒவ்வொன்றாகக் கேட்டேன். சிலவற்றில் நியாயம் இருக்கிறது.

வயது போனவர்கள் ஏறி இறங்கச் சுகம் என்பது அவற்றில் பெரிது. முழங்கால் தேய்ந்தவர்கள் தாழ்வான காரிலிருந்து எழும்பப் படும் பாடு எனக்குத் தெரியும். அம்மாவைக் கூட்டிக்கொண்டுபோய் மூன்று விதமான வாகனங்களில் ஏற்றிப் பார்த்தேன். தாழ்ந்த காரில் உட்காரும்போது கைபிடியைப் பிடித்தபடி தொப்பென்று விழுந்தார். எழும்பும்போது என் தோள் வேண்டியிருந்தது. பெரிய ஜீப்பில் ஏறவே முடியவில்லை. குசினிப் பலகையைக் கொண்டுவந்து வைத்து ஏறினார், இறங்கும்போது அந்தரத்தில் கால் தடவினார். வகன்ஆர் போன்ற உயரக் கூரைச் சின்னக் காரில் இருக்கை அவருடைய இடுப்பளவில் இருந்தது. திரும்பி உட்கார்ந்தார், காலைத் தூக்கி உள்ளே வைத்தார், அவ்வளவுதான். "இது நல்லாயிருக்கு" என்றார். சிறு ஜீப்பும் அவருக்கு வசதியாகத்தான் இருந்தது. ஆனால் அந்த வசதி 50 இலட்சம் குறைந்த காரிலும் கிடைக்கிறது.

இரவில் திடீரென்று ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டி வந்தால் என்பது அடுத்தது. இந்தப் பயம் எங்கள் ஊரில் ஆழமானது. ஊரடங்குக்குள் வைத்தியசாலை போகமுடியாமல் இழந்த உயிர்கள் பல. ஆனால் 2018 ஜூலை முதல் 1990 என்ற இலக்கத்தின் சுவசெரிய அம்புலன்ஸ் சேவை வடக்கிலும் ஓடுகிறது. இந்திய உதவியோடு 2016இல் மேல், தென் மாகாணங்களில் தொடங்கியது, கட்டணம் இல்லை. உள்ளே ஒட்சிசனும் பயிற்சி பெற்ற ஊழியரும் உண்டு. மாரடைப்பு வந்த ஐயாவை நடுங்கும் கையோடு நான் தெல்லிப்பழைக்கோ யாழ்ப்பாணப் போதனா வைத்தியசாலைக்கோ ஓட்டிப் போவதைவிட அது மேல்.

வெள்ளத்துக்கு உயரம் உதவும் என்கிறார்கள். 2024 நவம்பரில் ஒழுங்கைகளில் முழங்காலளவு தண்ணீர் நின்றதை எல்லோரும் பார்த்தோம். சிறு ஜீப்பின் அடி நிலத்திலிருந்து ஏறத்தாழ 185 மில்லிமீற்றர், சின்னக் கார் 150 அளவில். வித்தியாசம் மூன்று விரலுக்கு மேல் வராது. ஒழுங்கைக் குழிக்கும் வீதித் தடைக்கும் அந்த அளவு உதவும், ஆனால் ஓடுகிற வெள்ளத்துக்கு எந்த உயரமும் போதாது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலின்போது யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்பு போன பஸ் ஒன்று கலா ஓயாவில் வெள்ளத்தில் அகப்பட்டது. பயணிகளைக் கடற்படையினர் மீட்டார்கள். எந்த ஜீப்பையும்விட உயரமான வண்டி அது. குடாநாடு தட்டையான நிலம், மலையும் இல்லை. போருக்குப் பிறகு பெரும்பாலான வீதிகள் காப்பெற் ஆகிவிட்டன. மாதகல் கரையில் மணலுக்குள் இறங்குகிறவர்கள் மீனவர்கள். அவர்களுக்குத் தேவையானதை லாண்ட் மாஸ்ரர் செய்கிறது.

கொழும்புப் பயணம்தான் ஜீப்புக்குச் சாதகமான உண்மையான காரணம். ஒரு வழிக்கு 400 கிலோமீற்றருக்கு மேல். ஏ9 வீதியில் இரவில் மாடுகள் படுத்திருக்கும், எதிரே லொறிகள். இலங்கையில் வருஷத்துக்கு இரண்டாயிரத்துக்கு மேற்பட்டோர் வீதியில் சாகிறார்கள். மோதல் என்று வந்தால் எடை கூடிய வாகனத்துக்குள் இருப்பவருக்குப் பாதுகாப்புக் கூட என்பதை மறுக்க முடியாது. முதுகுக்கும் அது சுகம். ஆனால் வருஷத்தில் எத்தனை தடவை? எங்கள் வீட்டில் போன வருஷம் மூன்று தடவை. மேலே வந்த 523,000 ரூபாவை எடுத்துக்கொள்ளுங்கள். கிலோமீற்றருக்கு 120 ரூபா என்று வைத்து, சாரதியோடு வான் பிடித்து, போக வர 800 கிலோமீற்றர் ஓடினாலும் ஒரு பயணத்துக்கு 96,000. ஐந்து தடவை போய்வந்த பிறகும் காசு மிஞ்சும். களைத்த கண்ணோடு நாங்களே ஓட்டவேண்டிய தேவையும் இல்லை. இவற்றோடு காங்கேசன்துறை வரைக்கும் 2015 முதல் ரயிலும் வருகிறது.

திருத்தம் பற்றி ஒரு வார்த்தை. டர்போவும் ஹைபிரிட் பற்றரியும் கைதேர்ந்த ஆளையும் கணினியையும் கேட்பவை. எங்கள் கராச்சுகளில் நல்ல கையாட்கள் இருக்கிறார்கள், ஆனால் பாகம் கொழும்பிலிருந்து வரவேண்டும். எங்கள் கிணற்றுத் தண்ணீர் சுண்ணாம்புக் கல்லில் ஊறிய கடின நீர். கேத்திலுக்குள் படியும் வெள்ளைப் படிவம் ரேடியேற்றருக்குள்ளும் படியும். விலை கூடிய எஞ்சினுக்குள் வாளித் தண்ணீர் ஊற்றுகிற பழக்கத்தை எந்த வாகனக்காரரும் இன்றோடு விடவேண்டும். பொன்னாலை, மாதகல் பக்கத்து உப்புக் காற்றோ வருஷத்தில் பத்து மாதம் உறை போட்டு நிற்கும் வாகனத்தைத்தான் முதலில் தின்னும். நின்ற வாகனத்தின் பற்றரி செத்துப்போகிறது, ரயர் வெடிக்கிறது, வயரை எலி கடிக்கிறது. வெளிநாட்டுக்காரர் வந்து மூன்று கிழமை ஓடுவதற்காக வைத்திருக்கும் ஜீப்புகளின் கதை பெரும்பாலும் இதுதான்.

எண்ணெய் இல்லாத காலத்தையும் மறந்துவிடக் கூடாது. 177 ரூபாவில் 2022ஐத் தொடங்கிய பெற்றோல் ஜூன் இறுதியில் 470 ஆனது. பிறகு கியூஆர் அட்டை வந்தது. காருக்குக் கிழமைக்கு 20 லீற்றர், மோட்டார் சைக்கிளுக்கு 4. அந்த 20 லீற்றரில், லீற்றருக்கு எட்டு ஓடும் பெரிய ஜீப் இங்கிருந்து வவுனியாவைத் தொட்டு நிற்கும். சின்னக் கார் கொழும்புக்குக் கிட்டப் போய்விடும். 2023 செப்ரெம்பரில்தான் அந்த முறை எடுக்கப்பட்டது. முப்பது சொச்ச வருஷத்துக்குள் இரண்டு தடவை எண்ணெயில்லாமல் நின்ற ஊர் நாங்கள். இந்த அனுபவம் எங்கள் கணக்கில் ஒரு வரியாவது இருக்கவேண்டும். கூரையில் சோலர் வைத்திருப்பவர்கள் மின்சார ஜீப்பைப் பற்றிக் கேட்கிறார்கள். வெயிலுக்கு எங்களிடம் குறைவில்லை, உள்ளூர் ஓட்டத்துக்கு அது பொருந்தும். ஆனால் விலையும் எடையும் இன்னும் அதே உயரத்தில்தான் நிற்கின்றன.

இதுவரை சொன்னதெல்லாம் வாங்குகிறவரின் காசு. வாங்காதவர் கொடுக்கும் விலை ஒன்று இருக்கிறது, எனக்கு அதுதான் மனதைக் கூடுதலாக உறுத்துகிறது. காலை ஏழு மணிக்குப் பண்டத்தரிப்புச் சந்தியில் நின்று பாருங்கள். வெள்ளைச் சட்டைப் பிள்ளைகள் சைக்கிளில் வரிசையாக வருவார்கள், சின்னவர்கள் கைபிடித்து நடந்து வருவார்கள். அமெரிக்காவின் நெடுஞ்சாலைப் பாதுகாப்புக் காப்புறுதி நிறுவனம் 2023இல் வெளியிட்ட ஆய்வில், முன் பொனற் 40 அங்குலத்துக்கு மேல் உயர்ந்த வாகனம் மோதினால், தாழ்ந்து சரிந்த முன்பக்கம் கொண்ட காரைவிட நடந்துபோகிறவர் சாகும் வாய்ப்பு ஏறக்குறைய 45 சதவீதம் கூட என்று கண்டார்கள். நாற்பது அங்குலம் என்பது நான்கு வயதுப் பிள்ளையின் உயரம். அந்தப் பொனற்றுக்கு முன்னால் பிள்ளை நின்றால் சாரதிக்குத் தெரியாது. ரேய்ஸ், வெசல் போன்ற சிறு ஜீப்புகளைவிடப் பிராடோ வகையின் பொனற் உயர்ந்தது. அகலத்திலும் அப்படித்தான். வகன்ஆர் 1,475 மில்லிமீற்றர், வெசல் 1,790, புது பிராடோ 1,980. பத்தடி ஒழுங்கையில் பிராடோ வந்தால் இரண்டு பக்கமும் மிஞ்சுவது ஒன்றே முக்கால் அடி அளவில், அதிலும் கண்ணாடிகள் நீட்டிக்கொண்டிருக்கும். எதிரே மரக்கறிக் கூடையோடு சைக்கிளில் சந்தைக்குப் போகிறவர் இறங்கி மதிலோடு ஒட்டி நிற்கவேண்டும். ஒழுங்கை எல்லோருக்கும் பொது. பாரிஸ் நகரம் 2024 பெப்ரவரியில் வாக்கெடுப்பு வைத்து, வெளியிலிருந்து வரும் எடை கூடிய வாகனங்களின் தரிப்புக் கட்டணத்தை மூன்று மடங்காக்கியது. வீதியைப் பெரிதாக எடுத்துக்கொள்கிறவர் பெரிதாகக் கொடுக்கவேண்டும் என்பது அவர்களின் நியாயம். அப்படி ஒரு கணக்கு எங்களிடம் இல்லை. இங்கே மதில் மூலைதான் இடிகிறது.

அப்படியென்றால் எவருக்கும் தகாதா? தகும். கிழமைதோறும் வவுனியா, கிளிநொச்சி, முல்லைத்தீவு என்று உள்வீதிகளில் ஓடும் ஒப்பந்தக்காரருக்கும், வருஷத்துக்கு 25,000 கிலோமீற்றருக்கு மேல் ஓடுகிற வைத்தியருக்கும், தோட்டத்து விளைச்சலோடு வன்னிக் காணிக்குப் போய்வருகிறவருக்கும் உழைக்கிற வாகனம் அது. வாடகைக்கு விட்டுச் சம்பாதிப்பவருக்கும் கணக்கு வேறு. ஒவ்வொரு நாளும் அதன் உயரமும் எடையும் வேலைசெய்யும் இடத்தில் கொடுத்த காசு திரும்பி வரும். சந்தைக்கும் கோயிலுக்கும் வங்கிக்கும், பதினைந்து கிலோமீற்றர் தள்ளியிருக்கும் யாழ்ப்பாணப் பட்டணத்துக்கும் போய்வரும் வீட்டுக்கு அது தகாது. என் தீர்ப்பு இதுதான், இதில் எனக்குத் தயக்கமில்லை.

அத்தானுக்கு இந்தக் கணக்கையெல்லாம் ஒரு கொப்பித் தாளில் எழுதிப் படமெடுத்து அனுப்பினேன். இரண்டு நாள் பதில் இல்லை. மூன்றாம் நாள் இரவு கதைத்தார். "அப்ப அம்மாவுக்கு எது சுகமோ அதை எடு. மிச்சத்தை அவையின்ரை பேரிலை வங்கியிலை போடு" என்றார். பாவித்த வகன்ஆர் ஒன்று பார்த்து, நம்பிக்கையான கராச்காரர் ஒருவரைக் கூட்டிப்போய் அடியெல்லாம் பார்த்து எடுத்தோம். மிச்சம் நிரந்தர வைப்பில் கிடக்கிறது, மாத வட்டி அம்மாவின் கையில் வருகிறது. ஆடிக்கு அவர்கள் கனடாவிலிருந்து வந்தால் மூன்று கிழமைக்கு வான் பேசியிருக்கிறேன். எங்கள் கேற் பழையபடி எட்டடிதான், பக்கத்தில் முருங்கையும் நிற்கிறது.